முதியோர் இல்லங்களுக்கு ஓர் ஒலித்தொகுப்பு: தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு மடல்

சிட்னி, மெல்பேர்ண் தமிழ் அமைப்புகளின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கலைவிழாவுக்கு மண்டபம் பிடிப்பதிலும் பேச்சுப்போட்டிக்கு நடுவர் தேடுவதிலும் நீங்கள் படும் பாடு தெரியும். இருந்தாலும் இன்னொரு வேலையை உங்கள் தலையில் கட்டப் போகிறேன். முதியோர் இல்லங்களில் இருக்கும் எங்கள் ஆட்கள் சொல்வதை அங்குள்ள பணியாளர்கள் கேட்டு விளங்கிக்கொள்ள ஓர் ஒலித்தொகுப்பு செய்து கொடுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலிதான் எல்லார் கைபேசியிலும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பணியாளர் ஆங்கிலத்தில் சொல்வதை அது தமிழில் ஓரளவு ஒழுங்காகவே சொல்லும். முதியவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் கோட்டை விடுகிறது. மாமி இருக்கும் இல்லத்தில் ஓர் இரவு அவருக்கு விலாப்பக்கம் நோ. இரவுப் பணியில் இருந்த நேபாளத்துப் பிள்ளை கைபேசியை மாமியின் வாயருகே பிடித்திருக்கிறாள். யாரோ அழைப்பெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து மாமி, "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாராம். பல்செட் கழற்றிய வாய், மெலிந்த குரல், யாழ்ப்பாணப் பேச்சு. கடைசியில் திரையில் வந்தது தண்ணீர் பற்றி ஏதோ ஒன்று. பிள்ளையும் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். காலையில் மச்சாள் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். பேச்சை எழுத்தாக்கும் கணினி எந்தப் பேச்சை அதிகம் கேட்டுப் பழகியதோ அதைத்தான் நன்றாகப் பிடிக்கும். எண்பது வயதுக்காரர் பாதித் தூக்கத்தில் முனகுவதை அது எங்கே கேட்டிருக்கும்? மறதிநோய் வந்துவிட்டால் இன்னும் சிரமம். பிறகு கற்ற ஆங்கிலம்தான் பெரும்பாலும் முதலில் கழன்று போகிறது. இங்கே முப்பது வருடம் அலுவலக வேலை பார்த்தவர்கூட ஊர்ப்பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார். கேரளத்துத் தாதி யாராவது பணியில் இருந்தால் பாதித் தொல்லை குறையும். அதுவும் அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

சட்டம் எங்கள் பக்கம்தான். 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம், தான் விரும்பும் மொழியில் பேசுவதையும் தேவையானபோது மொழிபெயர்ப்பாளர் உதவி பெறுவதையும் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. 131 450 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 24 மணி நேரமும் உண்டு. மருந்தை மாற்றுவது, விழுந்து அடிபட்டது, கையெழுத்து வாங்குவது எல்லாவற்றுக்கும் அதில் வரும் மனிதர்தான் வேண்டும். செயலியை நம்பவே கூடாது. ஆனால் நடுச்சாமத்தில் "ஒண்டுக்கு வருது" என்பவருக்காக யாரும் அந்த எண்ணை எடுக்கப் போவதில்லை.

அந்த நேரத்துக்குத்தான் இந்தத் தொகுப்பு. நோகுது, சத்தி வருது, தலை சுத்துது, மூச்செடுக்கக் கஷ்டமாக் கிடக்கு, குளிருது, பயமாக் கிடக்கு. இப்படி ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியல் போதும். ஒவ்வொன்றையும் வயதானவர்களே தங்கள் வழக்கமான குரலில் சொல்லிப் பதிய வேண்டும். தொடர்ந்து ஆங்கிலத்தில் பொருள். தமிழ்நாட்டுக்காரர் பேச்சுக்குத் தனிப்பதிவு. தாளில் ஒரு கியூஆர் குறியீடு போட்டு அறையின் அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டால், புதிதாகப் பணிக்கு வருபவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுப் போகலாம். அவர் தமிழ் படிக்க வேண்டியதில்லை, காது பழகினால் போதும். உயர்தரப் பரீட்சைக்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்கும் பிள்ளைகள் பதிவு செய்யட்டும். ஓய்வுபெற்ற வைத்தியர்கள் எத்தனை பேர் உங்கள் அங்கத்தவர்கள்! அவர்கள் பொருளைச் சரிபார்க்கட்டும். குரல் கொடுப்பவரிடமும் குடும்பத்திடமும் சம்மதம் வாங்குங்கள், பதிவில் பெயர் எதுவும் வேண்டாம்.

எதிர்த்திசைக்கு, அதாவது பணியாளர் செய்யப்போவதை முதியவருக்கு விளங்க வைக்க, குடும்பத்தாரின் குரலைப் போல எதுவும் இல்லை. குளிக்க வைக்கும்போது மாமி கையைத் தட்டிவிடுவார். மச்சாள் ஐபேடில், "அம்மா, இப்ப மேல் கழுவிவிடப் போகினம், பயப்பிடாதேங்கோ" என்று பதிந்து கொடுத்தாள். அதைப் போட்டுவிட்டுத் தொடங்கினால் பெரும்பாலும் மறுப்பதில்லை. என்னென்ன பதியலாம் என்று குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். பேச்சே நின்றுபோனவர்களுக்கு, பெர்த்தில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் உருவான பெயின்செக் செயலி முகத்தைப் பார்த்து நோவை மதிப்பிட உதவுகிறது. தங்கள் இல்லத்தில் அது இருக்கிறதா என்று கேட்கும்படி அதே குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும்: தயவுசெய்து இதைப் புதுச் செயலியாக்கி, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி வெளியிட வேண்டாம். இரண்டு வருடத்தில் புதுப்பிக்க ஆளில்லாமல் கிடக்கும். சாதாரண ஒலிக்கோப்பும் அச்சிட்ட தாளும் போதும்.

யாழ்ப்பாணப் பேச்சுக்கான முதல் பட்டியலை மச்சாளும் நானும் எழுதி வைத்திருக்கிறோம். மட்டக்களப்பு, தமிழ்நாடு, மலேசியா ஆட்கள் பார்த்துத் தங்கள் பேச்சைச் சேர்க்க வேண்டும். அடுத்த குழுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் போட்டால் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
வென்ற்வேர்த்வில்லில் இருந்து ஓர் அங்கத்தவர்