இந்த வடிவம் ஏன்? சிக்னேச்சர் யோயோ வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

யோயோ தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அதில் தங்கள் பெயரைப் பொறிக்க இசையும் வீரர்களுக்கும்,

வணக்கம்.

வீரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய புதிய சிக்னேச்சர் யோயோ ஒன்றை நீங்கள் வெளியிடும் முறை எங்களுக்கு இப்போது மனப்பாடமாகிவிட்டது. முதலில் இருட்டில் எடுத்த ஒரு படம் வரும். அதில் விளிம்பின் வளைவு மட்டும் தெரியும். மறுநாள் வீரரின் கை. அதற்கடுத்து நாள், மணி, நிமிடம் என்று குறைந்துகொண்டே போகும் கடிகாரம். விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் 'தீர்ந்துவிட்டது' என்ற அறிவிப்பு. அந்த வாரம் முடிவதற்குள் அதே யோயோ, வீசப்படாமலே, யாரோ ஒருவரிடமிருந்து கூடுதல் விலைக்கு வருகிறது. இத்தனையும் நடந்து முடிகிற வரையில், அந்த யோயோ ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்பதை ஒரு வரியில்கூட யாரும் சொல்லியிருப்பதில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

நீங்கள் எதுவும் சொல்வதில்லை என்று குற்றம்சாட்டவில்லை. எண்கள் தருகிறீர்கள். விட்டம் 56 மி.மீ., அகலம் 44 மி.மீ., எடை 65 கிராம், அச்சில் மாட்டும் 'சி' அளவு பேரிங், கயிற்றைப் பற்றி யோயோவைக் கைக்குத் திருப்பும் 19 மி.மீ. ரெஸ்பான்ஸ் பேட். சரி. ஆனால் இன்று கடையில் இருக்கும் உலோக யோயோக்களில் பெரும்பாலானவை இந்த எண்களுக்கு ஓரிரு மில்லிமீட்டர், ஓரிரு கிராம் முன்னே பின்னேதான் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எந்த அட்டவணையை எடுத்து எந்த யோயோவின் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. 65 கிராம் என்பதில் ஒன்றுமில்லை. அந்த 65 கிராமும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பொழுதுபோக்காக வாங்குகிறவர்களும் இதைப் படிக்கக்கூடும். சுழலும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதை அது எதிர்க்கும் அளவு, எடையோடு நேராகவும் மையத்திலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்தோடும் கூடும். மையத்திலிருந்து 10 மி.மீ. தொலைவில் இருக்கும் 1 கிராம் உலோகத்தை 25 மி.மீ. தொலைவுக்கு நகர்த்தினால், சுழற்சிக்கு அது தரும் பங்கு ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். மொத்த எடை அப்படியே இருக்கும், தராசில் ஒன்றும் தெரியாது, கையில் வேறு யோயோ ஆகிவிடும். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகுக்கு ஏறக்குறைய 8. அதனால்தான் அலுமினிய உடலின் விளிம்பில் மெல்லிய எஃகு வளையத்தை இறுக்கிப் பொருத்தி இரட்டை உலோக யோயோ செய்கிறீர்கள். நெடுநேரம் சுழலும், சாயாமல் நிற்கும். ஆனால் இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு: விளிம்பில் பாரம் ஏறிய யோயோ, தான் போகும் திசையை விட்டுக் கொடுக்காது. சட்டென்று திருப்பி, கயிற்றைத் தளர்த்தி விளையாடுகிற வீரருக்கு அது எரிச்சல். அவர் கேட்பது வேறு. அவர் என்ன கேட்டார், நீங்கள் எங்கே உலோகத்தைச் சுரண்டினீர்கள், அதைத்தான் அறிய விரும்புகிறோம்.

வடிவமும் அப்படியே. 'வி' போலச் சரிந்த சுவர் என்றால் கயிறு வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்துவிடும். யோயோ கொஞ்சம் சாய்ந்தாலும் கயிறு சுவரில் படும் பரப்பு குறைவு, சுழற்சி அதிகம் தேயாது. கிடைமட்டமாக வீசுகிறவர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இது. உருண்டையான வளைவு உள்ளங்கையில் இதமாக வந்து அமரும், ஆனால் சாய்ந்தால் கயிறு அதிக இடத்தில் உரசும். நடுப்பகுதியில் ஒரு சின்னக் கிண்ணம் போன்ற குழி வெட்டியிருந்தால், சுழல்கிற யோயோவை விரல் நுனியில் நிறுத்தும் வித்தைக்காக வெட்டியிருக்கிறார்கள். விளிம்பின் உட்புறம் ஒரு சிறு உதடு இருந்தால், கட்டைவிரலில் உரசியபடி யோயோவைச் சுழலவிடும் வித்தைக்காக. ஒரு வீரரின் ஆட்டம் உலோகத்தில் பதிவது இந்த இடங்களில்தான். லேசரில் பொறித்த பெயரை விட்டுவிடுங்கள். குழியின் ஆழம்தான் உண்மையான கையெழுத்து.

ஏற்கெனவே விற்பனையில் உள்ள வடிவத்தை எடுத்து, வண்ணத்தை மட்டும் வீரரிடம் கேட்டு, அவர் பெயரைப் போட்டு வெளியிடும் வழக்கமும் இருக்கிறது. ஊதாவில் வெள்ளி தெளித்தது, கறுப்பில் தங்கம் தெளித்தது. அழகாகத்தான் இருக்கின்றன, நானே சிலவற்றை வைத்திருக்கிறேன். அவற்றுக்கு 'சிறப்பு வண்ணம்' என்று பெயர் சூட்டிவிட்டுப் போகலாமே. வடிவமைத்தவர் என்ற வரிசையில் அந்த வீரரை எதற்காக நிறுத்துகிறீர்கள்? உண்மையில் மாதக்கணக்கில் முன்மாதிரிகளோடு மல்லுக்கட்டிய இன்னொரு வீரருக்கு அது அநீதி.

நல்ல வடிவமைப்பின் காரணத்தை ஒரு வரியில் சொல்ல முடியும் என்பதற்கு உங்கள் தொழிலின் சரித்திரமே சாட்சி. சான் பிரான்சிஸ்கோவின் பல் மருத்துவர் டாம் குன் 'நோ ஜைவ்' என்ற மர யோயோவைச் செய்தார்: பிரிக்கலாம், அச்சை மாற்றலாம், பாகங்களைத் திருப்பிப் பூட்டி வேறு வடிவமாக்கலாம். ஃபிராங்க் டிஃபியோ, பேரிங்கின் வெளிவளையத்தைக் குழிவாக்கினார்: கயிறு நடுவிலேயே நிற்கும், சுவரில் உரசாது. ஸ்டீவ் பிரவுன் 1999இல் கயிற்றை விரலிலிருந்து கழற்றி, அந்த முனையில் ஓர் எதிர்எடையைக் கட்டினார். இன்று 5ஏ என்று தனிப் பிரிவாகப் போட்டி நடக்கும் ஆட்டம் அதிலிருந்து பிறந்தது, 'ஃப்ரீஹேண்ட்' யோயோவும் அதை ஒட்டி வந்தது. ஓரிகன் மாநிலம் யூஜீனில் சொந்தப் பட்டறையில் கடைசல் செய்யும் ஒன் டிராப் நிறுவனம், மையத்தில் உள்ள பாகத்தைக் கழற்றி வேறு எடையில் மாட்டிக்கொள்ள வழி செய்தது. இவற்றில் எதற்கும் இருட்டுப் படம் தேவைப்படாது. காரணத்தைச் சொன்னால் போதும், யோயோ தெரிந்த எவரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பரபரப்பே கூடாது என்று சொல்ல நான் துறவி இல்லை. யோயோ பரபரப்பில் வளர்ந்த பொருள். பெட்ரோ ஃப்ளோரஸ் 1928இல் கலிஃபோர்னியாவில் தொழில் தொடங்கியபோதும், அதை வாங்கிய டங்கன் நிறுவனம் ஊர் ஊராக வித்தைக்காரர்களை அனுப்பியபோதும் கூட்டம் அலைமோதத்தான் செய்தது. ஆனால் அந்தக் கூட்டம் கடை வாசலில் யோயோ சுழல்வதைக் கண்ணால் பார்த்தது. இந்த வட்டை இந்தக் கயிற்றில் கட்டினால் இன்னது செய்யலாம் என்று வித்தைக்காரர் செய்து காட்டினார், குழந்தை வாங்கிக்கொண்டு போய் அன்றிரவே முயன்றது. அன்றைய பரபரப்பு காட்டுவதில் பிறந்தது, இன்றையது மறைப்பதில் பிறக்கிறது. டங்கன் கதையின் அடுத்த பக்கத்தையும் மறக்க வேண்டாம்: விளம்பரச் செலவும் வழக்குச் செலவும் அழுத்த, 1965இல் அந்நிறுவனம் திவாலாகி, 1968இல் ஃபிளாம்போ நிறுவனத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. 1990களின் இறுதியில் ஜப்பானில் பொம்மை நிறுவனமான பாண்டாயின் ஹைப்பர் யோயோ கிளப்பிய அலையும் சில ஆண்டுகளில் வடிந்துவிட்டது. அலை வடிந்த பிறகும் வீசிக்கொண்டிருந்தவர்கள்தான் இன்றைய உங்கள் சந்தையின் அடித்தளம்.

குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுவதில் நியாயமான காரணமும் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். கடைசல் பட்டறையில் இயந்திர நேரம் கிடைப்பது எளிதல்ல. உலோகத்துக்கு வண்ணமேற்றும் அனோடைஸ் வேலை செய்கிறவர் ஒரு தொகுதிக்குக் குறைந்து எடுக்க மாட்டார். சிறிய நிறுவனம் கைக்காசைப் போட்டுச் செய்யும்போது பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்க முடியாது. அப்படியானால் அதையே சொல்லுங்கள்: 'எங்களால் இவ்வளவுதான் முடிந்தது, அடுத்த தொகுதி பிறகு வரும்.' எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மறுபடி செய்யும் வசதி இருந்தும், செய்யும் எண்ணம் இருந்தும், இனி வராது என்ற மாதிரி பாவனை காட்டி ஓடவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எதிர்த்திசையில் நடந்து வென்றதற்கும் உதாரணம் இருக்கிறது. ஜென்ட்ரி ஸ்டைன் 2014இல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில், ஒற்றை யோயோவால் ஆடும் 1ஏ பிரிவில் பட்டம் வென்றார். அவர் பெயரில் யோயோஃபேக்டரி வெளியிட்ட 'ஷட்டர்', ஒற்றை உலோகத்தில் செய்த, யாரும் வாங்கக்கூடிய யோயோ. தீர்ந்தால் மறுபடி வரும். வண்ணம் மாறும், வடிவம் நிற்கும். எத்தனையோ பேர் தங்கள் முதல் உலோக யோயோவாக அதை எடுத்தார்கள், ஆண்டுகள் கழிந்தும் எடுக்கிறார்கள். உலக வீரர் வீசியதும் புதிதாகக் கற்பவர் வீசுவதும் ஒரே வடிவம் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. மேடையில் ஒரு யோயோ, விற்பனைக்கு இன்னொன்று என்று இருக்கும் வீரர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

வெளியீட்டு நாளில் வரும் விமர்சனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்களே முன்கூட்டி அனுப்பி வைத்த யோயோவை வைத்து, நீங்கள் குறித்த நேரத்தில் பேசுகிறார்கள். 'நிலையானது, வேகமானது, மிதக்கிறது.' போன மாதம் வேறொன்றுக்கும் இதே மூன்று சொற்கள். எதிரெதிர் ஆட்டத்துக்காகச் செய்த இரண்டு யோயோக்களுக்கு ஒரே பாராட்டு எப்படிப் பொருந்தும்? குறை சொன்னால் அடுத்த முறை வராது என்ற பயம் அவர்களுக்கு இருந்தால், அதைப் போக்குவது உங்கள் பொறுப்பு.

தரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. சுழலும் யோயோவின் விளிம்பில் விரல் நகத்தை மெல்ல வைத்தால், இரு பாதிகளும் ஒரே மையத்தில் இல்லாதபோது நகத்தில் ஒரு நடுக்கம் ஏறும். நிமிடங்களில் தீர்ந்துபோன ஒரு வெளியீட்டில் எனக்கு வந்த யோயோவில் அந்த நடுக்கம் நகம் வைக்காமலே, கயிற்றின் வழியாக விரலுக்கு வந்தது. மாற்றிக் கேட்டேன், கையிருப்பு இல்லை என்றார்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் மாற்றித் தருவதற்கென்று சிலவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை 'தீர்ந்துவிட்டது' என்று அறிவிப்பது அப்படி ஒன்றும் பெரிய காரியம் இல்லை. சிறு குறையுள்ளவற்றை 'பி கிரேடு' என்று வெளிப்படையாகச் சொல்லி மலிவாக விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றிடம் எவரும் மனம் நோவதில்லை.

நான் கேட்பது இதுதான். அடுத்த சிக்னேச்சர் யோயோவை வெளியிடும்போது முன்மாதிரிகளின் வெட்டுமுகப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். முதல் முன்மாதிரியை வீசிப் பார்த்து வீரர் என்ன சொன்னார், அதைக் கேட்டு எந்தச் சுவரை எவ்வளவு மெலித்தீர்கள், எந்த யோசனையை அவர் கேட்டும் நீங்கள் மறுத்தீர்கள், ஏன் மறுத்தீர்கள்? தொழில் ரகசியம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம்; யோயோ விற்பனைக்கு வந்த மறுநாளே அதை அளந்து பார்க்க ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். போட்டி நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுவது வாங்குகிறவருக்கும் தெரியட்டுமே.

வீரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் யோயோ எதற்கு நல்லது என்று நிறையச் சொல்கிறீர்கள். எதற்கு உதவாது என்றும் சொல்லுங்கள். இதை வைத்துக்கொண்டு எந்த வித்தைக்கு நீங்களே தடுமாறுகிறீர்கள், எப்படி ஆடுகிறவர் இதை வாங்கக் கூடாது? அதை வெளிப்படையாக எழுதும் முதல் வீரரின் யோயோவை நான் படம்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன், எந்த வண்ணமானாலும் சரி.

இப்படிக்கு,
உறை பிரித்து வீசுகிற வாடிக்கையாளர்