ஐயாவின் வொக்ஸ்வாகனுக்குப் புதுச் சைலென்சர்

கண்டி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்துக்கு இவ்வளவு காலம் பதில் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் தங்கையின் மகன் பேராதனையில் பொறியியல் படிக்கத் தொடங்கிவிட்டான் என்பதை அவளே சொல்லியிருப்பாள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் எழுத உட்கார்ந்தது உன் ஐயாவின் வொக்ஸ்வாகன் பீட்டிலைப் பற்றி. சைலென்சர் மாற்றியாகிவிட்டது. ஆனால் நீ கேட்டதை நான் போடவில்லை. நான்கு குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்து முழங்கும் அந்தப் பந்தயக் குழாயை வாங்க வேண்டும், காருக்குள் சூடு தரும் வெப்பப் பெட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் வளைகுழாய்களைப் பூட்ட வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தாய். இன்னும் உனக்குச் சத்தத்தின் மேல் இந்த ஆசை தீரவில்லையே என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வண்டி உன்னுடையது, உன் சொல்லை மீறியதற்கான காரணத்தை முழுவதுமாகச் சொல்லுவது என் கடமை.

தண்ணீரால் குளிரும் காரில் புகைக்குழாய் ஒரு தனி உறுப்பு. அதைக் கழற்றினாலும் மாற்றினாலும் எஞ்சினின் மற்றக் காரியங்கள் அவ்வளவாகக் குழம்புவதில்லை. இந்த வண்டியில் அப்படியல்ல. எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றும், காருக்குள் இருப்பவர்களைச் சூடாக்கும் காற்றும், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேட்டருக்குக் கீழே உள்ள உள்ளிழுகுழாயைச் சூடாக்கும் புகையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 1962ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த பீட்டில்களில், நம்முடைய 1964ஆம் ஆண்டு வண்டியிலும்தான், எஞ்சின் விசிறி தள்ளும் தூய காற்றில் ஒரு பகுதி இரண்டு வெப்பப் பெட்டிகளுக்குள் போகிறது. அங்கே முன் சிலிண்டர்கள் இரண்டின் புகைக்குழாய்களைச் சுற்றி ஓடிச் சூடாகி, கார் ஓரங்களில் கதவுகளுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற பெட்டிச் சட்டங்கள் வழியே உள்ளே வருகிறது. பின் சிலிண்டர்கள் இரண்டும் நேராகச் சைலென்சரில் இணைகின்றன. ஆகவே சைலென்சர் என்பது நான்கு வாய்களும் ஒரே நேரத்தில் சரியாகப் பொருந்தியாக வேண்டிய ஓர் உறுப்பு.

பழையதைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது, மச்சான். சைலென்சரின் அடிப்பக்கம் துருவில் கரைந்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான். இடது பக்க வெப்பப் பெட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், புகைக்குழாயிலேயே விரல் நுனி நுழையுமளவுக்கு ஓட்டை. அதாவது சூடு திருகியைத் திறந்தால் எஞ்சின் புகை நேராகப் பின் இருக்கைக்கு வரும். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக அது பற்றிக்கொள்ளும். டிசம்பரில் உன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். ரம்பொடையைத் தாண்டியதும் பிள்ளைகள் குளிருகிறது என்பார்கள், கண்ணாடியை ஏற்றிச் சூட்டைத் திறப்பாய், அவர்கள் தூங்கிவிடுவார்கள். அதை நினைத்தபின் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

அப்படியானால் பெட்டிகளையே கழற்றிவிட்டு வளைகுழாய் போடலாமே, ஆபத்தும் போய்விடுமே என்று நீ கேட்பாய். கொழும்பிலேயே ஓடும் வண்டிக்கு அது சரிவரலாம். அங்கும்கூட, விசிறிக் கூட்டிலிருந்து பெட்டிகளுக்குக் காற்று போகும் இரண்டு வாய்களையும் இறுக்கமாக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய காற்று வெளியே கொட்டுப்படும். நாம் ஏறப்போவது 1,868 மீற்றர் உயரத்துக்கு. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கம்பளையிலிருந்து ஏற்றம் முழுவதும் கீழ்க் கியரில் உழைக்கும் 34 குதிரைவலு எஞ்சினுக்குக் குளிர்ச்சி கொடுக்க இருப்பதே அந்தக் காற்றுத்தான். ஒரு சொட்டைக்கூட வீணாக்கக் கூடாது.

இன்னொன்றையும் நீ கவனிக்கவில்லை. சைலென்சரின் இரு பக்கமும் சிறிய இரண்டு இணைப்புகள் உண்டல்லவா, அவற்றின் வழியே சூடான புகை உள்ளிழுகுழாயின் அடியில் சுற்றி ஓடுகிறது. குளிரும் ஈரமும் சேர்ந்த காற்றில் காபரேட்டருக்குக் கீழே பனி படிந்து எஞ்சின் இடறாமல் காப்பது இதுதான். உன் பந்தயக் குழாயில் இரு பக்கமும் ஒரே அழுத்தம் இருப்பதால் அந்த ஓட்டம் பெரும்பாலும் நடப்பதேயில்லை. நுவரெலியாவின் மூடுபனியில் அதன் விளைவு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்.

ஆகவே கம்பெனி அமைப்பிலான சைலென்சரும், இரண்டு புது வெப்பப் பெட்டிகளும் வாங்கினோம். வாங்கும்போது 1200 எஞ்சின் என்று மட்டும் சொன்னால் போதாது. 1963க்கு முந்திய அமைப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வாயையும் அளந்து பார்த்தோம். புதியதில் அந்தச் சிறிய இணைப்பின் துவாரம் ஒரு பக்கம் சரியாகத் திறக்கப்படவேயில்லை. பூட்டுவதற்கு முன்பே நம் மெக்கானிக் பாஸ் துளைபோட்டுத் திறந்தார்.

அவரது பொறுமையைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், சைலென்சரைப் பூட்ட அதில் நிற்கும் ஸ்டட் எனும் புரியாணி இரும்பு. இத்தனை ஆண்டு சூட்டிலும் குளிரிலும் இரண்டும் ஒன்றாகிப் போயிருக்கும். அவசரக்காரன் கை வைத்தால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். அவர் முதல் நாளே எண்ணெய் விட்டு வைத்தார். மறுநாள் நட்டை மட்டும் கேஸ் சுவாலையால் சூடாக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, மெழுகுதிரியை அதன் மேல் உருக்கி இறங்கவிட்டார். பிறகு இறுக்கும் பக்கம் ஒரு துளி, தளர்த்தும் பக்கம் ஒரு துளி என்று ஆட்டி ஆட்டி எடுத்தார். ஒரு ஸ்டட்டும் முறியவில்லை. உன் ஐயா இருந்திருந்தால் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்திருப்பார்.

பூட்டுவதிலும் ஒரு முறை உண்டு. எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகி, நான்கு வாய்களும் தானாக உட்காரும்வரை சைலென்சரை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் மறுபக்கம் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் வாய்விட்டு நிற்கும். ஹெட்டில் உள்ளவற்றை முதலிலும், வெப்பப் பெட்டிகளின் கிளாம்ப்புகளைப் பிறகும் இறுக்கினோம். ஹெட் நட்டுகளுக்கு 20 நியூட்டன் மீற்றர் அளவே போதும். அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் அலுமினியத்தின் புரி உரிந்துவிடும். எஞ்சின் அறையைச் சைலென்சரிலிருந்து பிரிக்கும் பின் தகட்டையும் அதைச் சுற்றிய ரப்பரையும் விடாமல் திரும்பப் போடச் சொன்னேன். அந்தத் தகடு இல்லாமல் ஓடும் வண்டிகள் இங்கே நிறைய உண்டு. அவற்றின் விசிறி சைலென்சரின் சூட்டையே உறிஞ்சி எஞ்சினுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

கடைசியில் வால்குழாய்கள் இரண்டையும் துணியால் அடைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டோம். ஓரிடத்திலும் சீறல் இல்லை. கட்டுகஸ்தோட்டைவரை ஓட்டி வந்தேன். வேகத்தை விடும்போது முன்பு வெடித்த சத்தம் முற்றாக நின்றுவிட்டது. வால்குழாய்களின் அந்த மெல்லிய விசில் மட்டும் இருக்கிறது. நாம் பள்ளிக்கூட மதிலில் உட்கார்ந்து, ஐயா வருகிறார் என்று தெரிந்துகொண்ட சத்தம் அதுதான். அதை ஒரு பந்தயக் குழாய்க்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்; அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வரும்போது செம்புப் பூச்சுள்ள 8 மில்லிமீற்றர் நட்டுகள் ஒரு பொதியும், வால்குழாய்க் கிளாம்ப்புகள் இரண்டு சோடியும், மின்கலத்தில் இயங்கும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி வா. பெட்டிகள் புதியவை என்றாலும், பிள்ளைகள் பின்னால் இருக்கும்போது அந்தக் கருவி இல்லாமல் நான் வண்டியை மலைக்கு விடமாட்டேன். பயணச்சீட்டுப் போட்டதும் திகதியை எழுது. பாஸிடம் சொல்லி அதற்கு முன் வாரம் வண்டியை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்