மேக்கி விருது என்று எழுதும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பிராக் பவர்ஸைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடுபவர். லாஸ் வேகஸ் ரைடர்ஸ் அணிக்கு வந்த முதல் வருடமே, 2024-இல், தனக்கு எறிந்த 112 பாஸ்களைப் பிடித்தவர். கல்லூரியில் ஆடும்போது, சிறந்த டைட் எண்டுக்குத் தரும் ஜான் மேக்கி விருதை இரண்டு முறை வாங்கியவர் என்று இருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் ஒரு டைட் எண்டின் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் செய்தியில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸுக்கு வந்து 12 வருடம் ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பவர்ஸ் ஆடிய ஜார்ஜியா பல்கலைக்கழகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஆட்டம் உள்ள சனிக்கிழமை, கோயில் கொடைக்குக் கிளம்புவதுபோல ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு சான்ஃபோர்டு ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிடும். உள்ளே 90,000 பேருக்கு மேல் உட்காரலாம். எங்களுக்குக் கிடைப்பது எப்போதும் மேல் அடுக்குதான். ஆனால் ஒரே ஒரு ஆளை விடாமல் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. "இன்னைக்கு 19-ஐ மட்டும் பார்ப்போம்மா" என்பான் என் மகன். 19 பவர்ஸின் ஜெர்சி எண்.

டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும். டைட் எண்டின் பாதி வேலை பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது. முன்வரிசையில் ஐந்து லைன்மேன்கள் குனிந்து நிற்பார்கள்; எதிரியைத் தள்ளி மறிப்பது அவர்கள் வேலை. ஓரமாக விலகி நிற்கும் ரிசீவர்கள் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்கள். அந்த ஐந்து பேரின் ஓரத்தை ஒட்டி நிற்கும் டைட் எண்ட் இரண்டையும் செய்தாக வேண்டும். தன்னைவிட இருபது கிலோ கூடுதலான ஆளை ஒரு தடவை மார்போடு மோதி நிறுத்துவார். அடுத்த தடவை அதே இடத்திலிருந்து அதேபோலக் குனிந்து கிளம்பி, மோதப்போகிறவர்போலக் காட்டிவிட்டு நழுவி ஓடிப் பந்தைப் பிடிப்பார். எதிரணிக்குக் கடைசி நொடிவரை எது வரும் என்று தெரியக்கூடாது.

பவர்ஸ் கலிஃபோர்னியாவின் நாபாவில் வளர்ந்த பையன். 2021-இல் சேர்ந்த முதல் பருவத்திலேயே 13 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது); பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம் 882 யார்டு. ஜார்ஜியா 41 வருடம் காத்திருந்த தேசியப் பட்டம் அந்தப் பருவத்தில்தான் கிடைத்தது, அடுத்த பருவத்திலும் நிலைத்தது. டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக (டிசியூ) அணியை 65-7 என்று நொறுக்கிய அந்த இரண்டாவது இறுதியாட்டத்தில் மட்டும் 152 யார்டு. 2023 செப்டம்பர் 30 அன்று ஆபர்ன் அணியோடு அவர்கள் ஊரில் ஸ்கோர் 20-20 என்று நின்றபோது, பாஸைப் பிடித்து ஓடி 40 யார்டு டச் டவுன் போட்டு ஆட்டத்தை முடித்ததும் அவர்தான். நானும் மகனும் சோபாவில் ஏறி நின்று கத்தினோம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியோடு நடந்த ஆட்டத்தில் இடது கணுக்காலில் அடிபட்டது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளையும் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டிவைத்திருக்கும் தசைநார் விட்டுப்போனால் ஊன்றி நிற்கவே முடியாது. எலும்பில் துளை போட்டு, உறுதியான நூலைக் கோத்து, இரண்டு பக்கமும் சின்னப் பொத்தான் வைத்து இறுக்கிவிடுவார்கள். டைட்ரோப் சிகிச்சை என்று பெயர். பவர்ஸுக்கு அக்டோபர் 16 அன்று செய்தார்கள். நவம்பர் 11 அன்று மைதானத்தில் நின்றார். 26 நாள்! அன்றைக்கு ஒரு டச் டவுனும் போட்டார். ஸ்டேடியமே எழுந்து ஆடியது. நானும் கைதட்டினேன். ஆனால் அவர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் என் கண் அந்தக் காலைத்தான் பார்த்தது. அவருக்கு அப்போது வயது இருபதுதான்.

இரண்டாவது மேக்கி விருது அந்தப் பருவத்துக்குக் கிடைத்தது. அதை இரண்டு முறை வாங்கியவர் அவருக்கு முன்னால் யாரும் கிடையாது. நல்லது. அந்த மேக்கி யார் என்பதுதான் உங்கள் செய்தியில் இல்லை.

ஜான் மேக்கி சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1963-இல் பால்டிமோர் கோல்ட்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு வந்தவர். மோதுவதோடு நின்றுகொண்டிருந்த டைட் எண்டை ஓடிப் பிடிக்கிறவராகவும் மாற்றியவர்களில் முக்கியமானவர். வீரர் சங்கத்தின் தலைவராக இருந்து, அணி மாறும் உரிமைக்காக நீதிமன்றம்வரை போனார். அவருக்குத்தான் பிற்காலத்தில் டிமென்ஷியா வந்து நினைவு கரைந்தது. கையில் வந்த ஓய்வூதியம் மாதம் 2,500 டாலருக்கும் குறைவு. அவர் மனைவி சில்வியா, ஐம்பது வயதுக்கு மேல் விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குப் போனார். அந்த அணிகளெல்லாம் ஆடும் லீக்கின் தலைவருக்கு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு 2007-இல் வந்ததுதான் '88 திட்டம்'. டிமென்ஷியா வந்த பழைய வீரர்களின் பராமரிப்புக்குத் தொடக்கத்தில் வருடம் 88,000 டாலர்வரை தந்த திட்டம் அது. 88 மேக்கியின் ஜெர்சி எண். 2011-இல் 69 வயதில் அவர் இறந்த பிறகு, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவருடைய மூளையை ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்பத் தலையில் படும் அடியால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது.

எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் கல்லூரியில் ஆடியவர். மனைவியின் பெயர் மறந்துவிட்டது. நடைப் பயிற்சிக்காகக் கம்பியைப் பிடிக்கச் சொன்னால், சில நாள் கம்பியை விட்டுவிட்டுக் குனிந்து, வலது கையின் மூன்று விரலைத் தரையில் ஊன்றி, முகத்தை நிமிர்த்தி எதிரே பார்ப்பார். ஆட்டம் தொடங்கும் முன் லைனில் நிற்கும் நிலை அது. கண்ணில் அப்படி ஒரு கவனம் இருக்கும். பக்கத்தில் மண்டியிட்டு, தோளில் கை வைத்து மெல்லத் தூக்கி நிறுத்துவேன். ஆட்டத்தால்தான் அவருக்கு இந்த நோய் வந்தது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மேக்கி என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு அந்த மூன்று விரல்கள்தான் தெரிகின்றன.

என் மகனுக்கு இப்போது 15 வயது. ஆறடி தாண்டிவிட்டான். பள்ளிக் கோச் "நீ டைட் எண்டுக்கென்றே பிறந்தவன்" என்று சொல்லிவிட்டார். அணியில் சேர நான் கையெழுத்துப் போடவேண்டிய படிவம் சமையலறை மேஜையில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்துப் பவர்ஸ் ஆடியதையும் மேக்கிக்கு நடந்ததையும் சேர்த்தே சொன்னேன். வாரத்தில் எத்தனை நாள் மோதல் பயிற்சி, தலையில் அடிபட்டால் வெளியே உட்காரவைப்பது யார், திரும்ப ஆட அனுமதிப்பது யார் என்று கோச்சிடம் கேட்க ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன். பதில் கேட்ட பிறகுதான் கையெழுத்து.

உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கும் அம்மா அப்பாக்கள் இந்த நாட்டில் நிறைய பேர். அவர்கள் பிள்ளைகளும் வளர்கிறார்கள். அடுத்த முறை மேக்கி விருது என்று எழுதும்போது, அவர் எப்படி ஆடினார், அவருக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஏதென்ஸ், ஜார்ஜியா.