ஓட்டப் பாதை ஊரார் கண்ணுக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடியற்காலையில் சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளில் ஓடுவோர் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியது. ஓடி முடித்ததும் சென்ற பாதையின் வரைபடத்தை ஓட்டத்தைப் பதிவுசெய்யும் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றி, வாட்ஸ்அப் குழுவிலும் பகிரும் பழக்கம் கூடவே பரவியிருப்பதுதான் கவலை தருகிறது.

அண்மையில் எங்கள் ஓட்டக் குழுவில் ஓர் இளம்பெண் பகிர்ந்த படத்தில், ஆரஞ்சு நிறக் கோடு அவர் வசிக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தொடங்கி, மேம்பாலத்தைக் கடந்து, லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தை ஒட்டிச் சென்று, அதே கீழ்த்தளத்தில் வந்து முடிந்திருந்தது. பெயர், முகப்படம், புறப்பட்ட நேரம் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. செயலியில் அவருடைய பக்கத்தைத் திறந்தால், வாரநாள்களில் ஏறக்குறைய அதே நேரம், அதே பாதை. ஒரு புளோக்கில் எத்தனையோ வீடுகள் இருக்க, நம் வீட்டை யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பின்தொடர நினைப்பவருக்கு வீட்டு எண் தேவையே இல்லை. எந்த மின்தூக்கியருகே எத்தனை மணிக்குக் காத்திருக்கலாம் என்பது தெரிந்தால் போதும்.

இது வீண் அச்சமன்று. இத்தகைய செயலியொன்றை நடத்தும் ஸ்டிராவா நிறுவனம், பயனர்கள் சென்ற பாதைகளை ஒளிக்கோடுகளாகக் காட்டி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வெப்ப வரைபடத்தில் ஆப்கானிஸ்தான், சிரியா ராணுவ முகாம்களின் உட்பாதைகள்கூடத் துலங்கின. 2018 ஜனவரியில் அதைச் சுட்டிக்காட்டியவர் ஓர் ஆஸ்திரேலிய மாணவர். அதே ஆண்டில், போலார் என்ற மற்றோர் உடற்பயிற்சிச் செயலியின் வரைபடத்தைக் கொண்டு ராணுவத்தினர், உளவுத்துறையினர் ஆகியோரின் வீடுகளையே செய்தியாளர்கள் கண்டறிந்ததால், அந்நிறுவனம் அவ்வசதியை நிறுத்திவைத்தது. 2024இல் பிரெஞ்சு நாளிதழான லெ மோந்த், மெய்க்காவலர்கள் பதிவேற்றிய ஓட்டங்களை வைத்தே உலகத் தலைவர்களின் நடமாட்டத்தை அறியமுடியும் என்று காட்டியது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் கோட்டைவிட்ட இடத்தில், வேலைக்குப் போகுமுன் ஓடிவிட்டு வருபவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை செயலிகளின் அமைப்பில் இருக்கிறது. ஸ்டிராவாவில் புதிதாகச் சேரும் பெரியவர்களின் ஓட்டங்கள், அவர்களாக மாற்றினாலொழிய, எல்லாரும் பார்க்கும்படியே அமைந்துள்ளன. பாதையின் தொடக்கத்தையும் முடிவையும் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் வரை மறைக்கும் வசதி அதில் உண்டு என்றாலும், தேடிச் செல்பவர் கண்ணில்தான் அது படும். நாம் மறைத்தாலும், நம்முடன் புறப்பட்ட தோழி மறைக்காவிட்டால் அவருடைய கோடே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களை ஒப்புதல் பெறச் சொல்கிறது. படிக்காமல் நாம் அழுத்தும் பொத்தான் அந்த ஒப்புதலாகிவிடுகிறது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பின்தொடர்வோரைத் தண்டிக்கும்தான், ஆனால் அவர் பின்தொடர்ந்த பிறகே. எனவே, பாதை மறைந்திருப்பதே தொடக்க நிலையாக இருக்க வேண்டும், விரும்புவோர் தாமே திறந்துகொள்ளட்டும் என்று உரிய அதிகாரிகள் செயலி நிறுவனங்களிடம் வலியுறுத்த வேண்டும். அதுவரை, சமூக மன்றங்களிலும் ஓட்டக் குழுக்களிலும் புதியவர்களைச் சேர்க்கும் ஏற்பாட்டாளர்கள், டி-சட்டை அளவைக் கேட்கும்போதே செயலியில் பாதையை மறைக்கவும் உடனிருந்து சொல்லித்தரலாம். குழுவில் வரைபடத்துக்குப் பதிலாகத் தூரத்தையும் நேரத்தையும் மட்டும் பதிவிடும்படி கேட்டுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
ஈசூன்