எங்கள் மகளுக்கு நேரம் கொடுத்தவர்களுக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் மகள் 31ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1.4 கிலோ. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தாலே எடை குறைந்த குழந்தை என்பார்கள். இவள் அதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இன்று தவழ்ந்து அடுப்படி வாசல்வரை வந்துவிடுகிறாள்.

முதல் நன்றி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரித் தாதியருக்கு. இரண்டாம் நாளே என் மனைவியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தீர்கள். டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்ட பிள்ளையை அவள் மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு அழுந்தாமல் பார்த்து, துணியால் சேர்த்துக் கட்டினீர்கள். கால்கள் தவளைபோல் மடங்கியிருந்தன. அதுவரை பிள்ளை அடிக்கடி மூச்சுவிட மறந்துவிடுவாள். மெஷின் கத்தும், எங்களுக்கு உயிரே போய்விடும். அம்மாவின் சூட்டில் இருக்கும்போது அந்தச் சத்தம் குறைந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சுருங்கியே கிடந்த நெற்றி அன்றுதான் விரிந்தது. பால் வரவில்லையே என்று அழுதுகொண்டிருந்தவளுக்குப் பாலும் ஊறத் தொடங்கியது.

இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் என்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டி போதாத ஆஸ்பத்திரியில், டாக்டர் எட்கார் ரேய் தொடங்கியது. "அப்படியானால் பெட்டி இல்லாத ஊருக்குத்தானே இது?" என்று மாமா கேட்டார். இல்லை மாமா. பெட்டி இருக்கும் இடத்திலும் முடிந்தவரை பிறந்தவுடனே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் செய்ய வேண்டும் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

எட்டு மணி நேரம்! மூத்தவனுக்கு மூன்று வயது. நான் செம்பனைக் குலை வெட்டுகிறவன். அந்த நேரம் எங்களுக்கு எங்கிருந்து வரும்?

நீங்கள்தான் கொடுத்தீர்கள். பக்கத்து வீட்டு அக்கா, ஐந்து வாரம் மூத்தவனை உங்கள் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டிச் சோறூட்டினீர்கள். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. வேன்கார அண்ணே, பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்படியே என் மனைவியை ஈப்போவில் கொண்டுபோய் விட்டீர்கள். எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை. தோட்டத்தில் எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஐயா, மாலையில் நான் சீக்கிரம் கிளம்ப வழிசெய்தீர்கள்.

அப்படிக் கிளம்பிப் போன ஒரு மாலையில்தான் மலாய்க்காரத் தாதி ஒருவர், "அபாங், புக்கா பாஜு" என்றார். சட்டையைக் கழற்றச் சொல்கிறார். என் கையெல்லாம் காய்ப்பு, முள் கீறல். தயங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவிவரச் சொல்லி, பிள்ளையை என் நெஞ்சில் வைத்துக் கட்டிவிட்டார். ஒரு பெரிய மாங்காய் அளவு கனம். இரண்டு மணி நேரம் அசையவில்லை நான். தூக்கியபோது அவள் காது பதிந்த தடம் என் நெஞ்சில் சிவப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் பழைய சாரோங்கில் கட்டிக்கொண்டு அதையே தொடர்ந்தோம்.

அடுத்த மாதம் அவளுக்கு முதல் பிறந்தநாள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மதியச் சாப்பாடு. கண்டிப்பாக வாருங்கள். அவளை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். இப்போது நல்ல கனம்.

நன்றியுடன்,
அவளுடைய அப்பாவும் அம்மாவும்