போலிக் கணக்கு, ஓவியத் திருட்டு குறித்து வழக்குப் பதிவு செய்யக் கோரும் மனு (நான்காவது முறை)

அனுப்புநர்
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்
(முகவரியும் கைபேசி எண்ணும் முந்தைய மூன்று மனுக்களில் உள்ளபடி)

பெறுநர்
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்
மாவட்டக் காவல் அலுவலகம்

பொருள்: என் பெயர், புகைப்படம், ஆதார் அட்டை நகல் ஆகியவற்றைக் கொண்டு போலிக் கணக்கு தொடங்கி, நான் வரைந்த ஓவியங்களை விற்று, வகுப்பு நடத்துவதாகப் பணம் வசூலித்தவர் மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாலைப் பாதுகாப்பு ஊர்வலத்தைத் தாங்கள் தொடங்கி வைத்தீர்களே, அந்தப் பள்ளி முனையிலிருந்து நாலாவது வீடு என்னுடையது. முதல் மனுவைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். இரண்டாவதை தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிந்தேன். மூன்றாவதைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நின்று கொடுத்தேன். கையில் இருப்பது ஒரு மனு ரசீது மட்டும். விசாரணைக்கு இன்றுவரை யாரும் அழைக்கவில்லை. ஆகவே தங்களிடமே வருகிறேன்.

1. ஒரு சமூக வலைத்தளத்தில் என் பெயரில் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். முகப்பில் இருப்பது நான் ஓய்வு பெற்ற அன்று மாலையோடு எடுத்த படம். பத்து ஆண்டுகளாக வரைந்து என் பக்கத்தில் போட்டுவந்த பறவை ஓவியங்களில் 86-ஐ எடுத்து, மூலையில் இருந்த கையெழுத்தை அழித்து, அங்கே விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். அப்புறம், ‘சார் நேரலையில் வகுப்பு எடுக்கிறார், மாதம் 1,500 ரூபாய்’ என்று விளம்பரம். சந்தேகப்பட்டுக் கேட்ட பெற்றோருக்கு என் ஆதார் அட்டையின் படத்தையே அனுப்பியிருக்கிறார்கள். சிம் கார்டுக்கு, விடுதி அறைக்கு என்று எத்தனையோ இடங்களில் நகல் கொடுத்திருக்கிறேன். எங்கிருந்து போனது என்று தெரியாது. ஊகித்து யார் மேலும் பழி போட மாட்டேன். பணம் கட்டும்போது திரையில் வேறு யாரோ பெயர் வந்திருக்கிறது. கேட்டவர்களுக்கு ‘அது மருமகன் கணக்கு’ என்று பதில் போயிருக்கிறது.

2. நிலையத்தில் எனக்குக் கிடைத்த பதில்கள் இரண்டு. ஓவியத்தைக் காட்டினால், ‘பதிப்புரிமை சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க.’ போலிக் கணக்கைக் காட்டினால், ‘உங்க பணம் எதுவும் போகலையே.’

ஐயா, நான் வக்கீல் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து படித்ததைச் சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, இன்னொருவருடைய தனித்த அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவதையே குற்றம் என்கிறது. அடையாளத்தைப் பறிகொடுத்தவருக்குப் பண நட்டம் ஆகியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி.

ஓவியத்துக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. இந்தக் குற்றத்தில் பிடியாணை இல்லாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு எப்படி இது சிவில் விவகாரம் மட்டும் ஆகும்? பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். வரைந்த அன்றே உரிமை வரைந்தவனுக்கு வந்துவிடுகிறது. பதிவு சான்றுக்கு உதவும், கட்டாயம் இல்லை. நான் மைனா வரைந்ததால் வேறு யாரும் மைனா வரையக் கூடாது என்று கேட்கவில்லை. அப்படி ஓர் உரிமை யாருக்கும் கிடையாது. என் கை போட்ட அதே கோட்டை அப்படியே எடுத்து விற்றதைத்தான் சொல்கிறேன்.

இதை இரண்டு மேசைக்குப் பிரித்து அனுப்பாதீர்கள் என்பதே என் முக்கிய வேண்டுகோள். ஓவியங்கள் அங்கே இருந்ததால்தான் அது நான் என்று பெற்றோர் நம்பினார்கள். என் பெயர் இருந்ததால்தான் ஓவியங்கள் விலை போயின. பெயரைத் திருடியதும் படைப்பைத் திருடியதும் ஒரே ஆள், ஒரே நோக்கம்.

3. பணம் போகவில்லையே என்கிறார்களே, எனக்கு என்ன போனது என்று சொல்கிறேன்.

இதுவரை 14 குடும்பத்தார் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் ஓர் அம்மா, எட்டு வயதுப் பிள்ளையோடு. பிள்ளையின் கையில் புது ஓவிய நோட்டு, பிரிக்காத வண்ணப் பென்சில் டப்பா. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு என்று ஒன்பதரைக்கே கைபேசி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு வரை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, ‘நீங்க ஏன் சார் வரலை?’ என்று கேட்டது. நான் என்ன சொல்வது? ‘அது நான் இல்லை கண்ணா’ என்றேன். கைபேசியில் என் படத்தைக் காட்டி, ‘இது நீங்கதானே’ என்றது.

அடுத்து வந்தவர் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். கோபப்படவே இல்லை. ‘உங்க பேரைப் பார்த்ததும் யோசிக்காம கட்டினேன் சார்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

இரண்டு பேருக்கு என் ஓய்வூதியத்திலிருந்து பணத்தைக் கொடுத்துவிட்டேன். கூலி வேலைக்குப் போகிறவர்கள், பார்க்கப் பொறுக்கவில்லை. இப்போது தெருவில் என்ன பேச்சு தெரியுமா? ‘தப்பு செய்யாதவர் ஏன் பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்?’ கொடுக்காவிட்டால் ஏமாற்றுக்காரன், கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டவன். அழைப்பு மணி அடித்தால் என் மனைவி இப்போது எழுந்து போவதில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு இலவசமாக வகுப்பு எடுப்பேன், இந்த வருடம் ஒருவர்கூட வரவில்லை. 31 வருடம், ஐயா. ஒரு பிள்ளையின் பென்சிலைக்கூட நான் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதில்லை.

4. இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. திருடியவரே முந்திக்கொண்டு, நான்தான் அவருடைய ஓவியங்களைக் களவாடினேன் என்று வலைத்தளத்தில் பதிப்புரிமைப் புகார் கொடுத்து, என் பக்கத்தை நீக்க வைத்துவிட்டார். நான் நானேதான் என்று நிரூபிக்க அடையாள அட்டை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அதே அட்டையை அவரும் அனுப்பியிருக்கிறாராம்! ஆள்மாறாட்டப் புகார் என்றால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2021 விதிகள் சொல்கின்றன. எனக்கு இன்றுவரை தானியங்கிப் பதில்தான் வருகிறது.

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒவ்வொரு பறவையின் வாலிலும் மூன்றாவது இறகில் என் முதலெழுத்தைக் கோட்டோடு கோடாக மறைத்து வரைவது என் பழக்கம். மூலையில் இருந்த கையெழுத்தை அழித்தவர் இதைப் பார்க்கவில்லை. அவர் விற்ற மீன்கொத்தியிலும் கொண்டலாத்தியிலும் செம்பகத்திலும் அந்த எழுத்து இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தேதி போட்ட பென்சில் வரைவுகள் ஒன்பது நோட்டுகளில் உள்ளன. போலிப் பக்கத்தின் திரைப்பிடிப்புகள், பணம் கட்டிய ஐந்து பெற்றோரின் பரிமாற்ற விவரம், அவர்களின் கையெழுத்திட்ட வாக்குமூலம் எல்லாம் தயார். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள், அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். இன்னும் என்ன வேண்டும்?

5. ஐயா, நாள் ஓடுகிறது. செய்தி பரவியதும் அவர் அந்தக் கணக்கை மூடிவிட்டார். மூடப்பட்ட கணக்கின் பதிவு விவரங்களை வலைத்தளம் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் வைத்திருக்கும் கட்டாயம் அந்த விதியில் இல்லை. இன்று 131-ஆவது நாள். தங்கள் துறை முறைப்படி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. ஒரு கடிதம். நான் எழுதினால் மதிக்க மாட்டார்கள், காவல்துறை எழுதினால் கொடுத்தாக வேண்டும். பணம் போன வங்கிக் கணக்கு யாருடையது என்பதும் அப்படித்தான், நான் கேட்டால் சொல்ல மாட்டார்கள். மூன்று மனுவிலும் இதையே எழுதினேன். யாராவது படித்தீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடித்துவிட்டு வேறு எழுத மனம் வரவில்லை.

6. நிலையத்தில் பதிய மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுதலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்வதால் இதைத் தங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும் என்பதால், ஓர் ஆய்வாளரைத் தாங்களே நியமிக்கக் கோருகிறேன். அடையாளத் திருட்டு, ஆள்மாறாட்டம், பதிப்புரிமை மீறல் மூன்றையும் ஒரே முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கக் கோருகிறேன். எஞ்சியிருக்கும் 49 நாட்களுக்குள், முடிந்தால் இந்த வாரமே, வலைத்தளத்துக்கும் வங்கிக்கும் கடிதம் போகக் கோருகிறேன்.

பெற்றோரிடம் காட்ட எஃப்.ஐ.ஆர். எண் ஒன்றாவது கொடுங்கள் ஐயா. அடுத்து யாராவது மணி அடித்தால் கதவைத் திறந்து அதைக் காட்டுவேன். வழக்குப் பதியுங்கள். தயவுசெய்து பதியுங்கள்.

கூப்பிட்டால் எந்த நேரமும் வருகிறேன். ஒன்பது நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்