'தொடர்பில் இல்லாதவர்' ஒருவரின் மகள் எழுதும் மடல்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைப் பேராசிரியர்களுக்கும், குடிநோய் பற்றி ஆய்வு செய்யும் முதுநிலை மாணவர்களுக்கும்,

வணக்கம்.

என் அப்பா கொத்தனார். மூன்று வருடங்களுக்கு முன்பு உங்களில் ஒருவருடைய ஆய்வில் அவரும் சேர்ந்திருந்தார். ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், சாட்சியாக நான் போட்டேன். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் போனில் கூப்பிட்டுக் கேட்போம் என்றார்கள். கட்டாயம் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அதற்குள் அப்பா திருப்பூர் பக்கம் ஒரு கட்டட வேலைக்குப் போய்விட்டார். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் பழைய நம்பரும் போய்விட்டது. அந்த ஆய்வேட்டில் ஏதோ ஓர் அட்டவணையில், 'தொடர்பில் இல்லாதவர்கள்' என்ற வரிசையில் என் அப்பாவும் இருப்பார். அந்த மாதங்களில் அவர் எப்படி இருந்தார் என்று சொல்லவும், அதை வைத்து உங்களிடம் சிலவற்றைக் கேட்கவும் இதை எழுதுகிறேன். அப்பாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர் உங்களிடம் தானாக வரவில்லை. சாரத்திலிருந்து விழுந்து வலது கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தார். சேர்க்கும்போது சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்டார்கள். குடிப்பாரா என்றும் கேட்டார்கள். "எப்பவாச்சும்" என்றார் அம்மா. சுற்றிலும் பத்துப் பேர் நின்ற இடத்தில் அம்மாவால் வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. கேள்வி அதோடு முடிந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி அப்பா உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கினார். போர்வையில் பூச்சி ஓடுகிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் காற்றில் கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்துச் சுவர் பூச ஆரம்பித்தார். "கலவை எடு, கலவை எடு" என்று இல்லாத சித்தாளைக் கூப்பிட்டார். கட்டுத்துணியால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் காத்து கருப்பு என்றார். "தண்ணி கேஸ்தான், விடு" என்று ஒரு பணியாளர் இன்னொருவரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

காலையில் மனநலப் பிரிவிலிருந்து ஓர் இளம் மருத்துவர் வந்தார். அப்பாவைப் பார்த்த பிறகு அம்மாவை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "அம்மா, ஐயா தினமும் எவ்வளவு குடிப்பாரு?" என்று மெதுவாகக் கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அம்மா ஒரு வெளி ஆளிடம் அளவைச் சொன்னார். தினமும் குடித்துப் பழகிய மூளைக்குச் சாராயம் திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் இப்படி ஆகும், வலிப்பும் வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவர் விளக்கினார். தயமின் என்ற வைட்டமின் ஊசி போட்டார்கள், நடுக்கத்துக்கும் மருந்து கொடுத்தார்கள். அடுத்த நாள் அப்பா என்னை அடையாளம் கண்டு பேசினார். அந்த மருத்துவருக்கு நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள். அவர்தான் பிறகு ஆய்வுக்கும் கேட்டார்.

கால் முறிந்ததால்தான் அப்பாவுக்குக் குடிநோய்க்கான சிகிச்சை கிடைத்தது. முறியாதவர்களின் கதை என்ன? எய்ம்ஸ் நிறுவனத்தின் போதை சிகிச்சை மையம் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வைப் பின்னர்தான் தேடிப் படித்தேன். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய மனநலக் கணக்கெடுப்பும் இதையேதான் சொல்கிறது: மதுவால் நோயுற்றவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு சிகிச்சை போய்ச் சேரவில்லை.

என் முதல் கேள்வி இதிலிருந்து வருகிறது. உங்கள் துறையின் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஓ.பி.க்கு வந்தவர்களையும் வார்டில் படுத்தவர்களையும் பற்றியவை. அதாவது அந்த 38இல் ஒருவரைப் பற்றியவை. மீதி 37 பேர் ஏன் வரவில்லை என்பதை, வந்துவிட்ட ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எங்கள் தெருவில் கேட்டால் தெரியும். ஓ.பி. காலையில்தான். தினக்கூலிக்காரருக்குக் காலை போனால் அன்றைய கூலி போச்சு. மனநலப் பிரிவின் வரிசையில் நிற்பதை மேஸ்திரி பார்த்துவிட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார். 'அந்த மாதிரி சென்டர்ல கட்டி வச்சு அடிப்பாங்க' என்ற பயம் இன்னும் பெரியது. அது வெறும் வதந்தி இல்லை, அடிபட்டு வந்தவர்களை எனக்கே தெரியும். இதற்கெல்லாம் மேலாக உடம்பு வலி இருக்கிறது. நாள் முழுக்கச் செங்கல் சுமந்த தோளுக்கு ஒரு குவார்ட்டர்தான் மருந்து என்று அப்பா நிஜமாகவே நம்பினார். அந்த வலிக்கு வேறு என்ன செய்யலாம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நீங்கள் எழுதி நான் படித்ததில்லை. எங்களைப் போன்ற வீடுகளில் சிகிச்சையைத் தேடிப் போகிறவர் நோயாளி இல்லை, அவர் மனைவி. எங்கள் அம்மா பதினைந்து வருடமாகத் தேடினார். கோயிலில் கயிறு கட்டினார். பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்ற நோட்டீஸைப் பார்த்து ஒரு பொடியை வாங்கிவந்து குழம்பில் கலந்தார். அன்று ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்து சாப்பிட்டார். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துத் துவண்டு விழுந்தார். குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது மது குடித்தால் இப்படி ஆகும் என்றும், நோயாளிக்குத் தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும் என்றும் உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? புருஷனைக் கொன்றுவிட்டோமோ என்று அந்த ராத்திரி அவர் பட்ட பாட்டை எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை. நோயாளி வராவிட்டாலும் அவர் மனைவி தனியாக வந்து கேட்க உங்கள் ஓ.பி.யில் ஓர் இடம் இருந்திருந்தால், அம்மா அந்தப் பொடியை வாங்கியிருக்க மாட்டார்.

1977இல் லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸும் அவர் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு உங்கள் பாடத்தில் இருக்கும். குடிநோயுள்ள 100 திருமணமான ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முழு சிகிச்சை. மறு பாதிக்குக் கணவன் மனைவியை ஒன்றாக உட்கார வைத்து ஒரே ஒரு முறை ஆலோசனை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. சிகிச்சை வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்பாவுக்கு அந்த ஊசி இல்லாவிட்டால் அவரே இல்லை. ஆனால் ஒரு நல்ல உரையாடல், மனைவியும் கூட இருக்க, உரிய நேரத்தில் நடந்தால் அதற்கு எவ்வளவு வலு என்று அந்த ஆய்வைப் படித்தபோது நினைத்தேன். அம்மாவிடம் வராந்தாவில் கேட்ட அந்த ஒரு கேள்வியும் அப்படிப்பட்டதுதான்.

இப்போது அப்பாவின் கணக்கு. வார்டிலிருந்து வந்து நான்கு மாதம் தொடவில்லை. தீபாவளிக்குக் குடித்தார். அடுத்த இரண்டு மாதம் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள். பிறகு திருப்பூரில் ஒரு டீக்கடைக்காரர் பழக்கமானார். அவரும் முன்பு குடித்தவர். வேலை முடிந்ததும் அவர் கடையில் உட்கார ஆரம்பித்தார் அப்பா. இப்போது மாதத்துக்கு ஒரு நாள் இருக்கும், சில மாதம் அதுவும் இல்லை. உங்கள் இளம் மருத்துவர் ஆறாம் மாதம் கேட்கப்போகும் கேள்விகள் அச்சடித்த தாளை எங்களிடம் காட்டியிருந்தார். கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் குடித்தீர்கள், எத்தனை அளவு, எப்போது மறுபடி ஆரம்பித்தீர்கள். எல்லாமே குடியைப் பற்றி. அந்தத் தாளில் அப்பா 'மீண்டும் குடிக்குத் திரும்பியவர்' என்றுதான் பதிவாகியிருப்பார். போனில் கிடைக்காததால் நிலைமை இன்னும் மோசம். பல ஆய்வுகளில் தொடர்பு கிடைக்காதவர்களைக் குடிக்குத் திரும்பியவர்களாகவே கணக்கில் எடுக்கிறார்கள் என்று அறிந்தேன். எச்சரிக்கைக்காகச் செய்வது, புரிகிறது. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வேறு பல நடந்தன. சனிக்கிழமை கூலி அம்மா கைக்கு வந்தது. தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் நேரத்துக்குக் கட்டினோம். ராத்திரி பத்து மணிக்குக் கதவுச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்காருவது நின்றது. இதெல்லாம் எந்தத் தாளில் வரும்?

வராமல் இருக்கக் காரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளை உருவாக்கியபோது அதற்கான 15 மையங்களில் சென்னையும் ஒன்று. சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள்தான். தூக்கம், உடல் வலி, கையில் இருக்கும் பணம், நெருங்கியவர்களோடு உறவு எல்லாம் அதில் உண்டு. நம் ஊரில் வைத்துச் செதுக்கிய ஒரு கருவி, குடிநோய் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கத்தில் இடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1383 குடிநோயாளிகளை வைத்து நடந்த 'கம்பைன்' சிகிச்சை ஆய்வின் தரவுகளைப் பின்னாளில் மறுபடி ஆராய்ந்தவர்கள், முழுக்க நிறுத்தாமல் கணிசமாகக் குறைத்தவர்களுக்கும் வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். நிறுத்துவதே நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்பாவுக்கு அதுதான் வேண்டும் என்று இன்றும் விரும்புகிறேன். ஆனால் குறைத்துக்கொண்டு நல்லபடியாக இருப்பவரைத் தோற்றவர் வரிசையில் எழுதினால், அவர் வெட்கப்பட்டு உங்கள் வாசலுக்கு மறுபடி வரமாட்டார். தீபாவளிக்குப் பிறகு அப்பா மறு பரிசோதனைக்குப் போகாததற்கு இதுதான் காரணம். "அந்தத் தம்பி மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்றார்.

ஆட்களைத் தேடிப் போவது நடக்காத காரியம் இல்லை. கோவாவில் 'சங்கத்' அமைப்பினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருக்கும் ஆண்களிடமே கேட்டு, அளவுக்கு மீறிக் குடிக்கும் 377 பேரை ஆய்வில் சேர்த்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், பெறாதவர்களில் 26 சதவீதம். தீவிரமாக அடிமையானவர்களுக்கு இது மட்டும் போதாது. ஆனால் என் அப்பா முப்பது வயதில் அவ்வளவு தூரம் போகவில்லை, அளவுக்கு மீறிக் குடிக்கும் நிலையில்தான் இருந்தார்.

நம்மிடம் 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. எங்கள் பாட்டிக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா எங்கள் வீட்டு நிலைமை அத்தனையும் அறிந்தவர். குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று கண்டறிய உலக சுகாதார நிறுவனம் தந்த 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விகளை அவரைப் போன்றவர்கள் கேட்டால் என்ன ஆகும், மக்கள் பதில் சொல்வார்களா, சொன்னால் அதன்பின் வருவார்களா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். அதேபோல எலும்பு வார்டு, வயிற்றுப் பிரிவு, விபத்துப் பிரிவு. குடிநோயாளிகள் முதலில் வருவது அங்கேதான். அங்கே அந்த ஒரு கேள்வியைத் தனியிடத்தில், மரியாதையாகக் கேட்பதற்கும் கூட்டத்தில் கேட்பதற்கும் பதில் எவ்வளவு மாறுகிறது என்பதே ஒரு முதுநிலை ஆய்வுக்குப் போதுமான தலைப்பு.

வார்த்தையும் முக்கியம். 2010இல் அமெரிக்காவில் கெல்லியும் வெஸ்டர்ஹாஃபும் ஒரே நோயாளியின் கதையை, அவரைக் குறிக்கும் சொல்லை மட்டும் மாற்றி, 500க்கும் மேற்பட்ட மனநல நிபுணர்களிடம் கொடுத்தார்கள். பழிக்கும் தொனியுள்ள சொல்லைப் படித்தவர்கள் அவர்மீது கூடுதலாகக் குற்றம் சாட்டினார்கள். படித்த நிபுணர்களுக்கே அப்படியென்றால், 'தண்ணி கேஸ்' என்ற சொல் ஒரு வார்டில் என்ன செய்யும்? 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மது, போதைப் பொருள்களால் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சட்டப்படி என் அப்பா நோயாளி. வார்டிலும் அவர் நோயாளியாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். கையெழுத்து வாங்குகிறீர்கள், ரத்தம் எடுக்கிறீர்கள், வீட்டுச் சங்கதியெல்லாம் கேட்கிறீர்கள். ஆய்வு முடிந்ததும் என்ன தெரியவந்தது என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி எங்களுக்குக் கொடுங்கள். நம்பர் மாறும் என்பதால் மனைவி, மகள், பக்கத்துக் கடைக்காரர் என்று மூன்று பேருடைய எண்ணை அவர் சம்மதத்தோடு வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு அஞ்சலட்டை போதும். அப்பா ஊர் விட்டு ஊர் போனாலும் வீடு அதே வீடுதான்.

நேற்று இதை அப்பாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். தீபாவளி விஷயத்தை எழுத வேண்டுமா என்று முதலில் யோசித்தார், அப்புறம் "இருக்கட்டும், உள்ளதுதானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டாக்டர் தம்பி பாஸ் பண்ணிட்டாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனாரின் மகள்